முந்தியில் முடிந்த சர்க்கரை

"எதுக்குங்க அத்தை இத்தனை பட்டுச்சேலை? நாம போறது கல்யாணத்துக்கா, கடலுக்கா?"

மருமகள் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. ஏனென்றால் 38 வருஷங்களுக்கு முன்னால், இதே ராமேசுவரத்துக்கு, இதே மே மாத வெயிலில், நாலு பட்டுச்சேலையை மடித்து வைத்துக்கொண்டு போனவள்தான் நான். அந்தப் பயணத்தில் எதையெல்லாம் சுமந்துகொண்டு போனேன், எதைக் கொண்டு போகாமல் விட்டேன் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

நாங்கள் ராசிபுரம் பக்கத்து ஆட்கள். சுற்றிலும் மரவள்ளிக் காடு, சோளக் காடு, எட்டிப் பார்த்தால் ஒரு கரடு. எங்களுக்குத் தண்ணி என்றால் கிணறுதான். மிஞ்சிப் போனால் ஆடிப் பதினெட்டுக்கு மோகனூரிலோ பரமத்தி வேலூரிலோ காவிரி. கடலை சினிமாவில் பார்த்ததோடு சரி. அதனால் கடலோர ஊருக்கு எப்படி மூட்டை கட்டுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆளே கிடையாது.

1987-ம் வருஷம். அப்போது எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான். எனக்கு 23 வயசு. பையனுக்கு இரண்டு முடியவில்லை. என் மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அத்தைக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. ராமேசுவரம் போய் 22 தீர்த்தமும் ஆடி, கடைசியாக வரும் கோடி தீர்த்தத்தில் ஒரு சொம்பு தண்ணி பிடித்துக்கொண்டு வர வேண்டும். மாமனார் காலமானதிலிருந்தே அந்த நினைப்புத்தான். அதற்கென்றே ஒரு சின்னப் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

நான் என்னென்ன கட்டினேன், கேளுங்கள். ஓர் இரும்புப் பெட்டி நிறையத் துணிமணி. ஒரு டின் தட்டைமுறுக்கு. ஒரு டின் கச்சாயம். ஒரு போசி நிறையப் புளிச்சோறு. ஜமக்காளம், தலையணை இரண்டு. குழந்தைக்குச் சாயங்காலம் காய்ச்சிய பாலைச் சுடச்சுட பிளாஸ்க்கில் ஊற்றி, பக்கத்தில் ரப்பர் போட்ட பால் பாட்டில். "பாரு, எதையும் மறக்கலை" என்று அவரிடம் பெருமை வேறு.

சேலத்திலிருந்து மதுரைக்குப் பஸ். அங்கிருந்து மீட்டர் கேஜ் ரயில். அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது 1988-ல்தான் திறந்தார்கள். 1914-ல் திறந்த ரயில் பாலம்தான் வழி. விடிகாலையில் மதுரை ஸ்டேஷனில் பிள்ளை பசித்து அழுதான். பிளாஸ்க் பால் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வாசனையும் ஒன்றும் மாறவில்லை. பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். ஆறிப்போகாமல் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருக்கிற பாலில்தான் கிருமி வேகமாகப் பெருகும். தயிர் உறைய வைக்கிற நமக்கு இது தெரியாத விஷயமா? தெரிந்தும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பயணத்தில் தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மற்றவர்கள் பாலை அப்போதைக்கப்போது வாங்கிக் காய்ச்சி, பாட்டிலை விட்டுவிட்டுச் சின்ன டம்ளரிலோ பாலாடையிலோ கொடுப்பதே நல்லது. ரப்பர் பாட்டிலை வழியில் கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ண முடியாது.

ராமேசுவரத்தில் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராத்திரிக்குள் பிள்ளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றால் போய்விட்டது. "தண்ணி குடுத்தா இன்னும் அதிகமாகும்" என்று எங்கேயோ கேட்டதை நம்பி, தண்ணியையும் நிறுத்திவிட்டேன். விடியும்போது கண் குழி விழுந்துபோச்சு. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. ஜட்டி நனையவே இல்லை. என் மடியில் கீரைத்தண்டு மாதிரித் துவண்டு கிடந்தான்.

லாட்ஜைப் பெருக்க வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "ஏத்தா, தண்ணியை நிப்பாட்டினியா? போன தண்ணியைத் திருப்பி ஊத்துனாத்தான புள்ள தாங்கும்?" என்றவர், தன் வீட்டிலிருந்து அரிசிக் கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் கொண்டு வந்தார். கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தார்கள். மத்தியானம் அவன் ஒண்ணுக்குப் போனான். அன்றைக்கு அந்த ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அன்று மாலையே ஊருக்குக் கிளம்பினோம். தீர்த்தம் எதுவும் ஆடவில்லை. ரயிலுக்கு முன்னால் அத்தை மட்டும் அக்னி தீர்த்தக் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வந்தார். சொம்பு சுற்றிய துணி அவிழவே இல்லை. "பேரன் முகத்தைப் பாத்தாச்சு, அதுவே தீர்த்தம் அம்மிணி" என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் "போகலாம், போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். 1999-ல் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். சொம்பு மட்டும் பீரோவிலேயே இருந்தது.

அதனால்தான் 2025 மே மாதம் மகனும் மருமகளும் "ராமேசுவரம் போலாமுங்க" என்றதும் முதலில் சொம்பை எடுத்து வைத்தேன். அடுத்தபடியாக, பழைய புத்தி போகாமல் பட்டுச்சேலையை எடுத்தேன்! மருமகள்தான் தடுத்து, ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊருக்கு என்ன வேணும் என்று அவள் கேட்கவில்லை. "யார் யார் வர்றோம், யாருக்கு என்ன வேணும்?" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியை 1987-ல் நான் கேட்டிருந்தால்!

அவள் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் துணி. 22 தீர்த்தம் ஆடுகிறவர்கள் முதலில் கடலில், அதாவது அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, அந்த ஈரத்தோடுதான் கோயிலுக்குள் ஒவ்வொரு கிணறாகப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். பட்டு நனைந்தால் பாழ். கெட்டி நூல் சேலை நனைந்தால் கனம் தாங்காது, கால் தட்டும். வெள்ளையோ மெல்லிசோ நனைந்தால் உடம்பு தெரியும். ஆகவே அடர்ந்த நிறத்தில், சீக்கிரம் காயும் கலப்பு நூல் சேலையோ சுடிதாரோ போதும். ஆளுக்கு நனைய ஒரு செட், மாற்ற ஒரு செட். ஈரத் துணியோடு சாமி சந்நிதிக்குப் போக முடியாது. மாற்றிக்கொண்டுதான் தரிசனம். அதனால் உலர்ந்த துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டுங்கள். ஈரத் துணிக்கு இன்னொரு பெரிய பை. வீட்டில் இருக்கிறதே என்று உரச் சாக்கை எடுத்துவிடாதீர்கள். எத்தனை அலசினாலும் அது வேண்டாம்.

உப்புத் தண்ணியில் நனைந்த துணியோடு நடந்தால் தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் உரசிப் புண்ணாகும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். கிளம்பும் முன் அந்த இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணியில் குளித்து, நன்றாகத் துவட்டி, மறுபடி கொஞ்சம் எண்ணெய்.

நகை விஷயம். தண்ணியில் ஊறினால் விரல் சுருங்கும், மோதிரம் தானாக நழுவும். கடலுக்குள் போனது போனதுதான். மோதிரம், ஜிமிக்கியெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியை ஜாக்கெட்டோடு சேர்த்து ஓர் ஊக்கில் மாட்டிக்கொள்ளுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பு. தோல் செருப்பு உப்பில் கெட்டுப்போகும். கோயிலுக்குள் வெறுங்கால்தான். கல் தளம் முழுக்க ஈரமாக இருக்கும். வயசானவர்களைக் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போங்கள். இதற்குப் பெட்டியில் எடுத்து வைக்க ஒன்றும் இல்லை, பொறுமை ஒன்றுதான்.

வெயில். நம் ஊர் வெயில் தெரிந்தவர்கள்தானே என்று அலட்சியம் வேண்டாம். கடற்கரையில் காற்று வீசுவதால் சூடு தெரியாது. ஆனால் தண்ணியும் மணலும் வெயிலைத் திருப்பி அடிக்கும். குழந்தைக்கு விளிம்புள்ள தொப்பி, முழுக்கை நூல் சட்டை. பெரியவர்களுக்குக் குடை. தனுஷ்கோடிக்குப் போவதானால் காலையிலோ சாயங்காலமோ போங்கள்; நிழலே கிடையாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அழிந்த ஊர் அது. ரயிலோடு சேர்த்துக் கடல் கொண்டுபோனது. இடிந்த சர்ச்சுச் சுவர் இன்றும் நிற்கிறது. 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல ரோடு. ஆனால் அங்கே கடலில் இறங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அக்னி தீர்த்தம் குளம் மாதிரி அமைதி. அரிச்சல்முனைக் கடல் அப்படி இல்லை.

இன்னொன்று, நாம் வாய்விட்டுப் பேசாதது. கோயில் பயணம் என்றால் அந்த மூன்று நாளைத் தள்ளிப் போட மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அடுத்த வீட்டுக்காரி போட்டாள் என்று நாமும் போடக் கூடாது. ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், பால் கொடுக்கிற தாய்மார்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அதைவிட, தேதியைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்வது மேல். எதற்கும் நாப்கின் பையில் இருக்கட்டும்.

குழந்தைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம், அதாவது ஓஆர்எஸ், நாலைந்து. பொட்டலத்தில் எத்தனை தண்ணி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணியில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணியில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும், இரண்டு வயசுக்குள் இருந்தால் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், அதற்கு மேல் என்றால் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலும், கண்ணீர் வராவிட்டாலும், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், துவண்டு போனாலும் சாமி தரிசனம் அப்புறம், டாக்டர் முதலில்.

கடைசியாக என் கணக்கு. எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறேன். பிரிக்காத மருந்து 2-லிருந்து 8 டிகிரிக் குளிர்ச்சியில், பிரிட்ஜில் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருப்பதை வெயில் படாமல், 30 டிகிரிக்குள் வைத்தால் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். சரியான கணக்கு அந்தந்த மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கும். மே மாதம் நம் பக்கம் 30 டிகிரி ஏது? பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் பெரிய மண்சட்டியில் மணலைப் போட்டு நனைத்து, நடுவில் சின்ன மண்கலயம் வைத்து அதற்குள் மருந்தை வைப்பார்கள். பயணத்துக்கு அது ஆகுமா? வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றில் மருந்தைத் துணியில் சுற்றி வைத்தாள் மருமகள். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக் கூடாது. ஒரு தடவை உறைந்துபோனால் அந்த மருந்து வீண். வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட இறங்கும்போதெல்லாம் பிளாஸ்க்கும் எங்களோடு இறங்கியது. பூட்டிய வண்டிக்குள் வெயில் அடுப்பு மாதிரி ஏறும்.

இத்தனையும் சரியாகக் கட்டிக்கொண்டு, கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது, பக்கத்தில் ஏப்ரல் மாதம்தான் திறந்த புது ரயில் பாலம். பேத்தி கைதட்டினாள். நான் பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல்தான் துவண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு திரும்பினேன். இப்போது அந்தப் பிள்ளைதான் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு பேசிக்கொண்டு வருகிறான்.

மறுநாள் விடிகாலையில் நானே ஒரு தப்பு செய்தேன். வழக்கமான நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டேன். மருமகள் இட்லி வாங்கி வைத்திருந்தாள். "தீர்த்தம் ஆடப் போறவ வயித்துல எதையும் போடக் கூடாது கண்ணு, ஒரு மணி நேரந்தான" என்றேன். அவள் சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. கூட்டம் நகர்ந்து நகர்ந்து ஒரு மணி இரண்டரை மணி ஆயிற்று.

பதினாலாவது கிணற்றில் தண்ணி தலையில் விழுந்தது. குளிரில்தான் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்ணெதிரே தூணெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. மருமகள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஓரமாக உட்காரவைத்து, நனைந்த துப்பட்டாவின் முந்தியை அவிழ்த்தாள். முடிச்சுக்குள் தண்ணி புகாத சின்ன பிளாஸ்டிக் கவர், அதற்குள் மூன்று டீஸ்பூன் சர்க்கரை! "வாயைத் திறங்க அத்தை."

சர்க்கரை இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் பொறுத்துப் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி அவ்வளவு. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ இட்லியோ ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் போடக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கால் மணி நேரத்தில் எனக்கு நடுக்கம் நின்றது. வெறும் வயிற்றோடு வா என்று அந்த ராமநாதசாமி யாரையும் கேட்கவில்லை. நாமாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இன்சுலின் போடுகிறவர்கள் விரதமோ, தீர்த்தமோ, முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டால் சாப்பாடு. அதில் பேச்சே கிடையாது.

"மீதியை விட்டுரலாமுங்க அத்தை" என்றாள். மனசு கேட்கவில்லைதான். ஆனால் 1987-ல் அத்தை எப்படித் திரும்பினார் என்று நினைத்துக்கொண்டேன். சொம்பை அவள் கையில் கொடுத்தேன். மகன் என்னை வெளியே அழைத்துப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தான். மீதி எட்டுத் தீர்த்தத்தையும் என் பங்குக்கு மருமகள் ஆடினாள். கோடி தீர்த்தத்தில் சொம்பை நிரப்பிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாள்.

வேனில் சொம்பு குலுங்கும் என்று தண்ணியைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சொம்பில் ஊற்றி, அத்தை படத்துக்கு முன்னால் வைத்தேன். தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது.

பட்டுச்சேலை இரண்டு, எனக்குத் தெரியாதா என்ன, மருமகளுக்குத் தெரியாமல் பெட்டிக்கடியில் வைத்துத்தான் கொண்டு போயிருந்தேன்! மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. 1987-லும் சரி, இப்போதும் சரி, எங்கள் வீட்டு உயிரைக் காப்பாற்றியது பெட்டியில் இருந்த எதுவும் இல்லை. ஒரு சிட்டிகை உப்பும், ஒரு பிடி சர்க்கரையும்தான். அதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால்தான்.

அதனால் சகோதரிகளே, எந்த ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டியைக் கடைசியில் கட்டுங்கள். முதலில், கூட வருகிறவர்களின் முகத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். குழந்தைக்கு என்ன, பெரியவர்களுக்கு என்ன, உங்களுக்கு என்ன? அதை முதலில் முந்தியில் முடிந்துகொள்ளுங்கள். அப்புறம் தட்டைமுறுக்கு. சௌக்கியமாகப் போய் வாருங்கள்.